பழைய படகுக்கு முதல் செலவு பிரைமர்



படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறது ஆம்பளைங்க வேலைன்னு நினைக்காதீங்க. கடன் நம்ம குழுவில் வாங்குறோம், தவணையும் நாமதான் கட்டுறோம். அந்தப் பணம் ஏரித் தண்ணியில் கரைஞ்சு போகாம இருக்கணும்.

2004 சுனாமிக்குப் பிறகு நம்ம பழவேற்காட்டில் பைபர் படகுதான் அதிகம். பைபர் மரம் மாதிரி மக்காது. ஆனால் மேல்பூச்சு வெயிலில் வெளுத்து, தொட்டால் மாவு மாதிரி கையில் ஒட்டும். அந்த மாவு மேல எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடிச்சாலும் சில மாதத்தில் உரியும். போன வருஷம் எங்க பழைய படகுக்காக 12,000 ரூபாய் கடன் வாங்கினேன். வீட்டுக்காரர் ரெண்டு கோட்டு எனாமல் போதும்னார். பெயிண்டர் அண்ணனிடம் விசாரிச்சு, முதலில் அடிப்படை வேலைக்குப் பணம் ஒதுக்கினோம்.

முதலில் நல்ல தண்ணியால் உப்பு போகக் கழுவணும். டீசல், எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புப் போட்டு எடுக்கணும். கொட்டலசைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். கீறலைப் பைபர் பாயும் ரெசினும் வச்சு அடைக்கணும். நல்லா காய்ஞ்ச பிறகு எபாக்சி பிரைமர். அது ரெண்டு டப்பாவாக வரும். டப்பாவில் போட்டிருக்கிற அளவுப்படி ஹார்டனரைக் கலக்கணும், கண்ணளவு கூடாது. கலந்ததை வச்சிருந்தால் கட்டியாயிடும், அதனால் தேவையான அளவே கலக்கணும். பனி, மழை ஈரத்தில் அடிக்கக் கூடாது.

மேல் பக்கத்துக்கு எனாமல் போதும். எப்போதும் தண்ணிக்குள்ளே இருக்கிற அடிப்பாகத்தில் அது கொப்பளிக்கும்; அங்கே பாசி பிடிக்காத பெயிண்ட் வேணும். கரையில் இழுத்துப் போடுற படகுக்கு அந்தச் செலவே வேண்டாம்.

இன்னொரு விஷயம். பாசி பிடிக்காத பெயிண்டில் பெரும்பாலும் செம்புச் சத்து இருக்கும். பைபருக்கும் மரத்துக்கும் சரி, அலுமினியத்துக்கு ஆகாது. உப்புத் தண்ணியில் அரிச்சுடும். அலுமினியப் படகு நம்ம பக்கம் குறைவு. ஆனால் என்ஜினில் அலுமினியப் பாகம் இருக்கும். மிச்சம் இருக்குன்னு அதில் பூசிடாதீங்க.

தேய்க்கிற தூளில் கண்ணாடி நார், பழைய பெயிண்டு விஷம் ரெண்டும் இருக்கு. மூக்கு வாயை மூடிக்கணும், தண்ணி தொட்டுத் தேய்க்கணும், கீழே தார்ப்பாய் விரிக்கணும், பிள்ளைங்களைக் கிட்டே விடக் கூடாது. தூளை ஏரியில் கொட்டாதீங்க. அதே தண்ணியில்தான் நம்ம பொம்பளைங்க கையால் தடவி இறால் பிடிக்கிறாங்க.

நாள் பார்க்கிறதும் முக்கியம். நம்ம பாடு வர்ற நாளில் படகு கரையில் கிடந்தால் அந்த முறை போயிடும். பாடு இல்லாத நாளா பார்த்து வேலையைத் தொடங்குங்க.

எங்க படகுக்கு ஒரு வருஷம் ஆகப் போகுது. பெயிண்ட் உரியலை, தண்ணி இறங்கலை, தவணையும் தவறலை.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ரெண்டு. படகுக் கடன் கொடுக்கும்போது சுரண்டுற கூலி, பிரைமர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. பத்து படகுக்கான பிரைமரை மொத்தமாக வாங்க ஏற்பாடு பண்ணுங்க. விலை குறையும், நல்ல சரக்கும் கிடைக்கும்.