வெயில் தாங்கும் ஆப்பிள்
(சங்கராபுரம் வட்டார விவசாயிகளிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆப்பிள் என்றால் காஷ்மீரம், சிம்லா என்றே பழகியிருக்கிறோம். அம்மரங்கள் நன்கு பூப்பதற்கு 7 டிகிரிக்குக் குறைந்த குளிர் ஏறத்தாழ 1,000 மணி நேரம் வேண்டும். சங்கராபுரத்தில் அதற்கு எங்கே போவது? ஆனால் ஹிமாசலப் பிரதேசத்துப் பிலாஸ்பூர் மாவட்டத்தில், 1,800 அடி உயரமே உள்ள பனியாலா கிராமத்தில், ஹரிமன் சர்மா என்னும் விவசாயி 1998-இல் புழக்கடையில் எறிந்த விதைகளுள் ஒன்று முளைத்தது; 2001-இல் காய்த்தும் விட்டது! அவர் பெயரின் எழுத்துக்களைக் கொண்டு ‘எச்.ஆர்.எம்.என்.-99’ என வழங்கும் ரகம் அதுவே. மஞ்சள் மேனியில் செம்மை படர்ந்த, சாறு மிகுந்த இனிப்புப் பழம். மற்ற ஆப்பிள்கள் சந்தைக்கு வருமுன் ஜூனிலேயே பழுத்துவிடும். 40 டிகிரி வெயிலையும் மரம் தாங்குகிறது. 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது, தகும்.

ஒன்று கேளுங்கள். ஆப்பிள் விதை தாய்மரத்தின் குணத்தை அப்படியே தருவதில்லை. அவருக்கு வாய்த்த விதை நமக்கும் வாய்க்கும் என்று எண்ண இடமில்லை, ஒட்டுக்கன்றே வேண்டும். சந்தையில் ‘ஆப்பிள் கன்று’ என்று கூவி விற்பதற்குப் பணத்தைக் கொட்டாமல், நம்பத்தக்க நாற்றுப்பண்ணையில் ரகத்தை உறுதி செய்து வாங்குங்கள். கரும்பையும் மரவள்ளியையும் அழித்து நடவேண்டாம். நீர் தேங்காத மேட்டில் நாலைந்து கன்றுகளை நட்டு, மூன்றாண்டு பார்த்திருங்கள்.