நீர் ஓடும் சட்டை



கதையில் வீரன் கவசம் அணிந்து நெருப்பில் நடப்பான். உண்மையிலும் அப்படி ஒரு கவசம் உண்டு. 1969-இல் நிலவில் நடந்த ஆம்ஸ்ட்ராங் அணிந்த உடைதான் அது.

நிலவில் பகல் வெப்பம் 120 டிகிரி வரை ஏறும். உடையின் வெளியே பல அடுக்குகள். அவை வெயிலைத் தடுக்கும். உள்ளே மெல்லிய குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடும். அது உடல் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

பாறசாலையில், நெய்யாற்றின்கரையில் வெயிலில் உழைக்கும் நமக்கு அந்த உடை இல்லை. நம்மையும் நீர்தான் காக்கிறது. வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறது. தண்ணீர் குடிக்காவிட்டால் வியர்வை குறையும். சூடு உள்ளேயே தங்கும். உயிருக்கே ஆபத்து.

கடுங்கோடையில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரள அரசு ஆணையிடுவது வழக்கம். அந்த ஓய்வைக் கேட்டு வாங்குங்கள். தாகம் வருமுன் தண்ணீர் குடியுங்கள்.

கூலி நாளைக்கும் கிடைக்கும். உயிர் கிடைக்குமா?