பள்ளிக் கட்டடமும் ‘ஊர்’ என்கிற சொல்லும்

(கே.கே. நகரில் அரசுப் பள்ளிகள் குறித்து நடந்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய அரசு உயர்நிலைப் பள்ளிக் கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது மக்களிடம் கருத்துக் கேட்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். கேட்க வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. எந்த மக்களிடம், எப்போது, எதைக் கேட்பது என்கிற இடத்தில்தான் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இங்கிருந்து எம்.ஜி.ஆர். நகர் நடந்துபோகிற தூரம்தான். 2005 டிசம்பர் 18, விடியாத நேரம். வெள்ள நிவாரண டோக்கன் வாங்குவதற்காக அங்கே மாநகராட்சிப் பள்ளி முன்னால் ஆயிரக்கணக்கான மக்கள் நின்றார்கள். மழை வந்தது, கூட்டம் முண்டியது, நெரிசலில் 42 பேர் இறந்தார்கள். அதற்கு ஆறு வாரம் முன்புதான் வியாசர்பாடியில் அதேபோன்ற நிவாரண நெரிசலில் ஆறு பேர் இறந்திருந்தார்கள். அந்த வரிசையில் நின்றவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறவர்கள்.

ஒரு பள்ளிக்கூடம் என்பது பத்து மணியிலிருந்து நாலு மணிவரை பிள்ளைகள் படிக்கிற இடம் மட்டும் அல்ல என்பதை இது காட்டுகிறது. உழைக்கும் மக்களுக்கு அதுதான் வெள்ள முகாம், அதுதான் வாக்குச்சாவடி, அதுதான் தடுப்பூசி போடுகிற இடம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஜாஃபர்கான்பேட்டையும் எம்.ஜி.ஆர். நகரும் மூழ்கியபோதும் அப்படித்தான். ஆகவே பள்ளியின் வாசல் எவ்வளவு அகலம், எத்தனை வழிகள் உண்டு, தரைமட்டம் சாலையைவிட எவ்வளவு உயரம், மேல்மாடியில் எத்தனை கழிப்பறை என்பதெல்லாம் பொறியாளரின் மேசையோடு முடிந்துவிடுகிற கேள்விகள் அல்ல. வரிசையில் நின்றவர்களிடம் கேட்டால்தான் அதற்கான பதில் முழுமையாகக் கிடைக்கும்.

ஆனால் நம் அரசுகள் எப்போது கட்டடங்களைக் கவனிக்கின்றன? பிள்ளைகள் செத்த பிறகு. 2004 ஜூலை 16, கும்பகோணம், தீயில் 94 குழந்தைகள். அதன் பிறகுதான் கீற்றுக் கூரைகளை அகற்றும் வேலை வேகம் பிடித்தது. 2021 டிசம்பர் 17, திருநெல்வேலி, அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து இடிக்க உத்தரவு வந்தது. 2022 நிதிநிலை அறிக்கையில் பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்தாண்டுக்கு 7,000 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. நல்ல திட்டம், அதை நாம் வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் இடிப்பதற்கு ஒரு வாரம் போதும், கட்டுவதற்கு ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? கோயில் மண்டபத்திலோ, ஒரு சாதிச் சங்கத்தின் கல்யாண மண்டபத்திலோ வகுப்பு என்றால், அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி நுழைய முடியுமா, ஒரே மாதிரி தண்ணீர் குடிக்க முடியுமா? கட்டட வரைபடத்தில் இந்தக் கேள்விக்கு இடம் கிடையாது.

இப்போது ‘மக்கள் பங்கேற்பு’ என்ற சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் நாற்காலி, மேசை, கரும்பலகை கொடுத்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், இடம் கொடுத்தார்கள், கட்டடமும் கட்டிக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்கு வந்த காலம் அது. அந்தச் சாதனையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நன்கொடையை அடிப்படையாகக் கொண்ட பங்கேற்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. நிலம் வைத்திருப்பவர்தான் நிலம் கொடுக்க முடியும். நிலம் கொடுத்தவர் பெயர்தான் கல்வெட்டில் ஏறும். கல்வெட்டில் பெயர் ஏறியவர் சொல்லுக்குத்தான் தலைமையாசிரியர் எழுந்து நிற்பார். நிலமே இல்லாமல் ஆக்கப்பட்ட சேரிக்கு அந்தக் கணக்கில் என்ன இடம்?

2022 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தின் பெயர் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் நிதி கொடுக்கலாம். இந்த ‘ஊரு’ என்கிற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் ‘ஊர்’ என்றால் சேரி அதில் சேராது. ஊர்க்கூட்டம், ஊர்க்கட்டுப்பாடு, ஊர்ப்பொது என்று எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு வேலி உண்டு. ‘ஊர் மக்களிடம் கருத்துக் கேட்டோம்’ என்று ஒரு அதிகாரி எழுதினால், வேலிக்கு எந்தப் பக்கம் நின்று கேட்டார் என்று நாம் கேட்டாக வேண்டும்.

2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளியில் என்ன நடந்தது? அருந்ததியர் சமூகத்துப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர்கள் திரண்டார்கள். அதிகாரிகள் அந்தக் ‘கருத்தை’ ஏற்று அவரை இடமாற்றம் செய்தார்கள். சாதி ஒழிப்பு இயக்கங்கள் போராடிய பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதுவும் பெற்றோர் பங்கேற்புதான், தோழர்களே. அதனால் பங்கேற்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சமத்துவத்தை வாக்கெடுப்புக்கு விடக் கூடாது என்பது முதல் விதியாக எழுதப்பட வேண்டும். யார் சமைப்பது, யார் எங்கே உட்காருவது, யார் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பது என்பதெல்லாம் கருத்துக் கேட்புக்கு உரிய பொருள்கள் அல்ல.

‘அதெல்லாம் கிராமத்தில், சென்னையில் ஏது ஊரும் சேரியும்?’ என்று கேட்பார்கள். வீட்டுவசதி வாரியம் மனை பிரித்து உருவாக்கிய இந்தக் கே.கே. நகரையே பாருங்கள். பெரிய சாலைகளில் வசதியான வீடுகளின் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளி வேனில் ஏறுகிறார்கள். அரசுப் பள்ளிக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கும் வருகிறவர்களில் பெரும்பகுதி வீட்டு வேலை செய்பவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், தூய்மைப் பணியாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் இவர்களின் பிள்ளைகள். கருத்துக் கேட்புக் கூட்டத்தை வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தால் யார் வருவார்கள்? பள்ளிக்குப் பிள்ளையையே அனுப்பாத குடியிருப்போர் நலச் சங்கத்து ஓய்வுபெற்ற அதிகாரி வருவார். மைதானத்தைச் சுற்றி நடைபாதை கேட்பார், சுவரை உயர்த்தச் சொல்வார். அந்த நேரத்தில் பிள்ளையின் அம்மா அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்.

என் ஆய்வுக்காகப் பெற்றோர்களிடம் பேசும்போது நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். சித்தாள் வேலைக்குப் போகிற ஒரு அம்மா வகுப்பறைக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, இது வெறும் பூச்சு வெடிப்பு இல்லை, உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது, மேலே சிமென்ட் பூசினால் திரும்பவும் விழும் என்று சொன்னார். பொறியியல் பாடமும் அதைத்தான் சொல்கிறது. கசிவு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் அது பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். துருவைச் சுரண்டி, கசிவை அடைக்காமல் பூசுகிற பூச்சு ஒப்பந்ததாரருக்கு மட்டும்தான் லாபம். இந்த நகரத்தின் கட்டடங்களைத் தலையில் சுமந்து கட்டிய மக்களிடம் கட்டடம் பற்றிய அறிவு இருக்கிறது. அதை அறிவென்று ஒப்புக்கொள்ள மறுப்பதற்குப் பெயர்தான் சாதி.

சட்டத்தில் நமக்கு இடம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் என்கிறது. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும், நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அந்தக் குழுவின் வேலை. சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றாலும், தமிழ்நாட்டில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் இந்தக் குழுக்கள் இயங்குகின்றன. 2022இல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் அவை மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. சென்னை மாநகராட்சி 28 பள்ளிகளைச் சுமார் 95 கோடி ரூபாயில், பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் கடனோடு புதுப்பிக்க எடுத்துக்கொண்ட திட்டத்திலும் மக்கள் பங்கேற்பு ஒரு நோக்கமாகவே எழுதப்பட்டது. எழுதியதை நடக்க வைப்பது யார் என்பதுதான் கேள்வி.

கட்டடத் திட்டம் வந்தால் நாம் பார்க்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கழிப்பறை. எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள், யார் கழுவுவார்கள், சம்பளம் எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். 2022இல் பெருந்துறை அருகே ஒரு பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக எழுந்த புகாரில் தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். கட்டுவதற்கு நிதி ஒதுக்கி, கழுவுவதற்கு ஆள் ஒதுக்காத திட்டம் அந்த வேலையை யார் தலையிலாவது கட்டும். யார் தலையில் என்று நமக்குத் தெரியும். மலக்குழி என்றால், மனிதர் இறங்காமல் இயந்திர வண்டி வந்து எடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து மாற்றுத்திறனாளிகள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிறுவனங்களின் கட்டடங்கள் அவர்கள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இல்லாத சாய்தளம், படத்துக்காகக் கட்டிய சாய்தளம்.

அடுத்து பெயர். நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கச் சொன்னது. புதுச் சுவர் எழுப்பும்போது நன்கொடையாளர் கல்வெட்டில் சாதிப் பெயர் புதிதாக ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிதி கொடுத்தவருக்கு நன்றி சொல்லலாம், வாசலை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் சென்னையில் அரசுப் பள்ளி ஒன்றில் முற்பிறவிப் பாவம் பற்றி ஒருவர் மேடையேறிப் பேசினார். பார்வைத்திறன் இல்லாத ஆசிரியர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டார். அந்த ஆசிரியரை நினைவில் வையுங்கள். பள்ளி வாசலை யாருக்குத் திறப்பது என்பதையும் பெற்றோர்களும் மாணவர்களும் முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, இளைஞர்களாகிய உங்களுக்கு ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டம் 2005இன்படி ஒரு பள்ளி வேலையின் மதிப்பீட்டையும் எம் புக்கையும் கேட்டு வாங்கலாம். நடக்கிற வேலையை நேரில் பார்வையிடலாம். பயன்படுத்துகிற பொருளின் மாதிரியைக்கூடச் சான்றிட்டு எடுக்கலாம். படித்தவர்கள் செய்யக்கூடிய உதவி இதுதான்: மதிப்பீட்டை எளிய தமிழில் எழுதி, வேலை முடித்து வருகிற மாலை நேரத்தில், தெருவிலேயே பெற்றோர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். பேசுவதை அவர்கள் பேசட்டும். அவர்கள் சொன்னதைக் குழுவின் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றி, கையெழுத்து வாங்கி, நகல் எடுத்து வையுங்கள். அடுத்த கூட்டம் எந்தத் தேதி என்று இப்போதே பள்ளியில் போய்க் கேட்டுவிடுங்கள்.

ஜெய்பீம்.