மாலையோடு போனோம், சாட்சிக்குப் போனோமா?

 

என் அம்மா பட்டியல் சாதி, அப்பா ஆதிக்க சாதி. மாலை மாற்றிக்கொண்ட திருமணம். நாற்பது பேர் வந்து வாழ்த்திப் பேசியதாக அம்மா சொல்வார். எனக்கு நான்கு வயதானபோது அப்பாவை அவருடைய வீட்டார் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் ஊர்ப் பெரியவர்கள் முத்திரைத்தாளோடு வந்தார்கள். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, தனக்கும் மகளுக்கும் இனி எந்தப் பாத்தியமும் இல்லை என்று எழுதித்தரச் சொன்னார்கள். அம்மா கையெழுத்துப் போடவில்லை. ஜீவனாம்ச வழக்குப் போட்டார்.

அப்பா தரப்பு சொன்ன பதில் ஒரே வரி: ‘கல்யாணமே நடக்கவில்லை.’

சாதி அந்தத் திருமணத்தை ஒருநாளும் ஏற்றதில்லை. அதையே வக்கீல் சட்ட மொழியில் சொன்னார், அவ்வளவுதான். வாழ்த்திய நாற்பது பேரில் ஒருவரும் சாட்சி சொல்ல வரவில்லை. மனைவி என்ற முறையில் அம்மா கேட்டது தள்ளுபடியானது. எனக்கு மட்டும் மாதம் 300 ரூபாய் உத்தரவானது. 2001 வரை 500 ரூபாய்க்கு மேல் தரச் சட்டத்திலேயே இடமில்லை.

எனக்கு மட்டும் ஏன் கிடைத்தது? அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, குழந்தை திருமணத்துக்குள் பிறந்ததா வெளியே பிறந்ததா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. தந்தை யார் என்று நிறுவினால் போதும். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. எண் மாறியது, இந்த உரிமை மாறவில்லை. இது குழந்தையின் உரிமை. பஞ்சாயத்தில் தாயை மிரட்டி எழுதி வாங்கினாலும் பறிபோகாது.

இன்னும் சில செய்திகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வருமானத்தையும் சொத்தையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். மனுப்போட்ட நாளிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும். இது ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உத்தரவான பணம் வராவிட்டால் சும்மா இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு மாதத் தொகைக்கும் கெடு நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப்போட வேண்டும். தராதவர் சிறைக்குப் போக நேரிடும், போய் வந்தாலும் பாக்கி தீராது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

அம்மாவுக்கு இவற்றைச் சொல்ல அன்று ஆளில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போனது. பஸ் காசும் போனது. பாதி மாதங்கள் பணம் வரவில்லை. ஓராண்டு கெடு தெரியாமல் பாக்கியும் போனது. நீதிமன்ற வராந்தாவில் கூட உட்கார்ந்திருந்தது பக்கத்து வீட்டு அத்தை ஒருவர்தான்.

சாதி மறுப்புத் திருமணங்களை நாம் நடத்துகிறோம், படம் எடுத்துப் போடுகிறோம். சரிதான். அதோடு மூன்று வேலைகளையும் சேர்த்துக்கொள்வோம். திருமணத்தை அன்றே பதிவு செய்ய உடன் போவோம். வந்தவர்களின் பெயரையும் முகவரியையும் எழுதி வைப்போம். பிரச்சினை என்று அந்தப் பெண் வந்தால், ‘அது அவர்கள் குடும்ப விவகாரம்’ என்று ஒதுங்காமல் வாய்தா நாளில் ஒருவர் கூடப் போவோம்.

அம்மாவுக்கு அன்று நாற்பது பேர் தேவைப்படவில்லை, தோழர்களே. இரண்டு பேர் வந்திருந்தால் போதும்.