குளியலறையைத் தாண்டி ஓர் அறை

உங்களில் சிலருக்கு இப்போது விடிகாலை, சிலருக்குத் தூங்கப்போகும் நேரம். அப்படியும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், நன்றி.

ஓவியம் பற்றிப் பேச நான் விமர்சகர் அல்ல. நர்சிங் டிப்ளமோ படித்தவள். இருபது வருடமாகப் பிறரைக் குளிப்பாட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. குளியல் தொட்டியில் இருக்கும் ஒரு கிழவரின் புகைப்படத்தைத் தாண்டிப்போக முடியாமல் நான் நின்றதற்கு அதுவே காரணம்.

அந்தக் கிழவர் பிக்காசோ. 1956 பிப்ரவரியில் எடுத்த படம். பிரான்ஸின் தென்கரையில், கான் நகரத்தில் லா கலிஃபோர்னி என்ற அவருடைய வீடு. கொரியப் போரைப் படமெடுத்துப் பெயர் வாங்கிய அமெரிக்கர் டேவிட் டக்ளஸ் டங்கன் அங்கே வருகிறார். பிக்காசோவோடு வாழ்ந்த ழாக்லின் அவரை நேராகக் குளியலறைக்கே அழைத்துப் போகிறார். முதல் சந்திப்பே அங்கேதான். பிக்காசோவுக்கு அப்போது 74 வயது.

அதன்பிறகு அந்த வீட்டின் கதவு டங்கனுக்கு மூடவே இல்லை. பிக்காசோ மீன் சாப்பிடுகிறார். முள்ளை வாயில் வைத்துச் சுத்தமாக உறிஞ்சி எடுக்கிறார், நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரியே. பிறகு அந்த முள்ளைக் களிமண்ணில் பதித்து ஒரு தட்டுக்கு அலங்காரமாக்குகிறார். டங்கன் கொண்டுவந்த லம்ப் என்ற குட்டைக்கால் நாய் அந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறது. 1958-ல் இந்தப் படங்கள் புத்தகமாக வந்தன.

பார்ப்பவர்கள் சொல்வது: “எதையும் ஒளிக்காத மனிதர்!” எனக்கு அங்கேதான் சந்தேகம்.

வேலையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். உடம்பைக் காட்ட முதல் நாள்தான் கூச்சம். ஒரு வாரத்தில் அது போய்விடும், முதுகைத் தேய்க்கும்போது வேடிக்கை பேசுவார்கள். ஆனால் அதே மனிதர் தலையணைக்கு அடியில் ஒரு கடிதத்தை வைத்திருப்பார். படுக்கை விரிப்பை மாற்ற அதைச் சற்று நகர்த்தினால் கையைத் தட்டிவிடுவார். மனிதருடைய கடைசி அந்தரங்கம் உடம்பில் இல்லை.

பிக்காசோவின் தலையணைக்கு அடியில் என்ன இருந்தது? அவரோடு வாழ்ந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, 1953-ல் விலகிப்போனவர் ஃபிரான்சுவாஸ் ழீலோ. அவரும் ஓவியர். அந்த வாழ்க்கையை அவர் 1964-ல் புத்தகமாக வெளியிட்டார். அதைத் தடுக்க பிக்காசோ நீதிமன்றம் போனார், தோற்றார். குளியலறைக்குள் கேமராவை விட்டவருக்கு, கூட வாழ்ந்த பெண்ணின் வார்த்தையைத் தாங்க முடியவில்லை.

இதனால் டங்கனின் படங்கள் பொய் என்று சொல்லமாட்டேன். மீன் முள்ளும் உண்மை, சிரிப்பும் உண்மை. எங்கே வரை வரலாம் என்ற கோட்டை மட்டும் வீட்டுக்காரர் போட்டிருக்கிறார். அதில் தவறில்லை, என் நோயாளிகளுக்கும் அந்தக் கோடு உண்டு, நான் அதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கோட்டுக்குள் வாழ்ந்த இன்னொருவர் தன் கதையைச் சொன்னால், அதை அந்தரங்கம் என்று சொல்லி அடைக்க முடியாது. அது அவருடைய வாழ்க்கையும்தான். நம் குடும்பங்களில் எத்தனை பெண்கள் அந்த ஒரு சொல்லுக்காக வாயை மூடிக்கொண்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

டங்கனின் புத்தகம் கிடைத்தால் பாருங்கள். ழீலோவின் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவைதான்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வரலாம்.