பிரசவத்துக்குப் பின் வரும் தலைவலியும் கண்பார்வையும்

(திருவல்லிக்கேணியில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்தத் திருவல்லிக்கேணியில் 'கோஷா ஆஸ்பத்திரி' எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைக்கு மக்கள் வைத்த பெயர் அது. ஆண் மருத்துவரிடம் போகக் கூசிய பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைக் கண்டு மனம் பொறாத மேரி ஷார்லீப் அம்மையார், 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். அவர் முயற்சியால் 1885-இல் தோன்றிய பெண்கள் மருத்துவமனையே பிற்பாடு இங்கு வந்து நிலைத்தது. தாய் உயிர் பிழைக்க வேண்டும் என்பது அன்றைய போராட்டம். பிழைத்த தாயின் பார்வையைக் காப்பது பற்றி இன்று நாங்கள் பேச விரும்புகிறோம்.

பிள்ளை பெற்று ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு தாய்க்கு விடாத தலைவலி வருகிறது. படுத்தால் கூடுகிறது, விடியற்காலையில் வாந்தி வருகிறது. குனிந்து நிமிர்ந்தால் சில விநாடி கண் இருண்டு பிறகு தெளிகிறது. "பச்சை உடம்பு, தூக்கமில்லை" என்று வீட்டார் தைலம் தடவுகிறார்கள். பல வேளை அது வெறும் தலைவலிதான். சில வேளை அப்படி அல்ல.

நம் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றிச் சுமார் 150 மில்லி நீர் இருக்கிறது. அது நாள்தோறும் புதிதாக ஊறி, பழையது இரத்தத்தில் வடிந்து சேருகிறது. பிரசவமான முதல் ஆறு வாரங்களில் இரத்தம் எளிதில் உறையும். மூளையின் வடிகால் நாளத்தில் உறைகட்டி அடைத்துக்கொண்டால் மண்டைக்குள் அழுத்தம் ஏறும். கண் நரம்பை மூடிய உறையும் மூளையின் உறையும் ஒன்றோடொன்று தொடர்ந்தவை. ஆகவே அந்த அழுத்தம் கண்ணின் பின்புறம் வரை சென்று நரம்பின் முனையை வீங்கச் செய்யும்.

இதில் ஏமாற்றம் என்னவென்றால், ஆரம்பத்தில் அந்தத் தாய் எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் வாசித்துவிடுவாள். பக்கப் பார்வைதான் முதலில் தேயும். கருவி கொண்டு கண்ணுக்குள் பார்த்தால்தான் வீக்கம் தெரியும். 1851-இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டுபிடித்த கருவியின் வழிவந்த கைவிளக்கு அது. சில நிமிட வேலை.

வீக்கம் இருந்தால் உடனே ஸ்கேன் வேண்டும். சாதாரண சி.டி. ஸ்கேனில் அடைப்பு தப்பிவிடக்கூடும். இரத்த நாளங்களையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும். அடைப்பு இல்லையென்று தெரிந்தால், முதுகில் ஊசியிட்டு நீரின் அழுத்தத்தை அளப்பார்கள். 25 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அது அதிகம். உடல் எடை கூடிய இளம்பெண்களுக்கு அடைப்பே இல்லாமலும் இந்த அழுத்தம் வருவதுண்டு. அவர்களுக்கு எடையைக் குறைப்பதே முக்கிய மருந்து.

உறைகட்டிக்கு ஹெப்பாரின் ஊசி, பின்பு சில மாதம் மாத்திரை. நீர் ஊறுவதைக் குறைக்க அசிட்டசோலமைடு. இத்தனைக்கும் பார்வை குறைந்தால், நீரை வயிற்றுக்குள் வடியவைக்கும் மெல்லிய குழாய் பொருத்துவார்கள். அல்லது கண் நரம்பின் உறையில் சிறு திறப்பு இடுவார்கள். நம் நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவை 1949-இல் வேலூர் மிஷன் மருத்துவமனையில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார்; 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி தொடங்கினார். ஆகவே உதவி தூரத்தில் இல்லை. ஆனால் பட்டுப்போன நரம்பு மறுபடி துளிர்ப்பதில்லை. காலந்தான் இங்கே விலைமதிப்பற்றது.

பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். "பெற்ற உடம்புக்குத் தண்ணீர் ஆகாது" என்று தாகத்தோடு வைக்காதிருங்கள்; நீர் வற்றினால் இரத்தம் உறைவது இன்னும் எளிதாகும். தலைவலியோடு வலிப்போ, கை கால் பலவீனமோ, பார்வை மங்கலோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். "கண்ணுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இதை உங்கள் சபையின் பெண்கள் கூட்டத்திலும் சொல்லுங்கள். காணிக்கைத் தட்டில் இடமுடியாத உதவி இது. ஆனால் ஒரு தாய் தன் பிள்ளை வளர்வதைக் கண்ணாரக் காண இது போதும்.