அகவையும் அறிவும்



கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆறு, சரிவிலே விரைந்து பாய்கிறது. அடிவாரத்து அணையிலே அடங்கித் தேங்குகிறது. பின்னர்க் கால்வாய் வழியே சென்று கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கழனிகளை விளைவிக்கிறது. நீர் ஒன்று, நிலை மூன்று. மாந்தர்தம் கல்வியும் இத்தகையதே. இளமையில் விரைவும், நடுவயதில் அடக்கமும், முதுமையில் பிறர்க்குப் பயன்படுதலும் அதற்கு இயல்பாதல் வேண்டும். இதற்கு நடுநாடு ஈன்ற திருநாவுக்கரசரே சான்றாவார்.

7ஆம் நூற்றாண்டில், திருவாமூரில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் மைந்தராய்த் தோன்றிய அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மருள்நீக்கியார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். உலக நிலையாமையை உணர்ந்து அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். மெய்ந்நெறி நாடிச் சமண நூல்களைக் கற்றுத் தேர்ந்தார், வாதில் வென்றார், தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்றார். தாம் கற்றவை எவை என்பதை அறிந்திருந்தார். தாம் யார் என்பதை இன்னும் அறிந்தாரல்லர்.

அந்நிலையில் சூலை நோய் பற்றியது. வென்ற வாதங்களுள் ஒன்றும் துணைக்கு வரவில்லை. பலரும் போற்றிய அவ்வாசிரியர் இரவோடு இரவாகத் திருவதிகைக்கு நடந்து, தமக்கை திலகவதியாரின் அடிகளில் வீழ்ந்தார். கற்றவர் தம் அறியாமையை ஒப்புவது எளிதன்று. தாம் விட்டுச் சென்ற உறவினரிடமே திரும்பிவந்து ஒப்புவது அதனினும் அரிது. அவ்விரவே அவர்தம் இரண்டாம் கல்வியின் தொடக்கம்.

ஆயினும் முன்னர்க் கற்றது வீணாகவில்லை. வாதுக்கு உதவிய சொல்லாற்றலே வழிபாட்டுக்கும் உதவியது. 4, 5, 6ஆம் திருமுறைகளாக இன்று நாம் ஓதுபவை அவர் அருளியவையே.

மூன்றாம் கல்வியோ நாவினால் கற்றதன்று, கையினாலும் தோளினாலும் கற்றது. உழவாரம் ஏந்திக் கோயில் திருமுற்றங்களில் புல்லைச் செதுக்கினார். தம்மினும் மிக இளையவரும், தம்மை 'அப்பர்' என அழைத்தவருமாகிய ஞானசம்பந்தரின் சிவிகையைத் திருப்பூந்துருத்தியில் பிறர் அறியாவண்ணம் தாங்கினார். "அப்பர் எங்குள்ளார்?" என்று பிள்ளையார் வினவிய பின்னரே அது வெளிப்பட்டது. இளையவர்பால் பணியக் கற்பது முதுமையின் தலைசிறந்த கல்வியன்றோ?

இத்தகைய பெரியாரும் தம்மை நிறைந்தவராகக் கருதவில்லை. குழந்தைமை, இளமை, முதுமை ஆகிய மூன்று பருவங்களும் குறிக்கோளின்றிக் கழிந்தனவே எனத் திருக்கொண்டீச்சரப் பதிகத்தில் வருந்துகிறார். கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரும் அவர் பாடிய தலம். அட்ட வீரட்டங்களுள் ஒன்றாகிய அங்கே இறைவன் அந்தகாசுரனை அடக்கினான் என்பது புராணம். அந்தகன் என்னும் சொல்லுக்குக் குருடன் என்பது பொருள். தன்னைத் தான் காணாமையினும் பெரிய குருடு வேறில்லை. அத்தலப் பதிகத்திலும் அவர் தம் குறைகளையே எண்ணி இரங்குகிறார்.

"காலம் கடந்துவிட்டது, இனி என்ன கற்பது?" என்று முதியோர் பலர் சோர்வடைகின்றனர். அப்பரடிகள் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. திரும்பிவந்த பின் வாழ்ந்த வாழ்வே அவரை அப்பராக்கியது. ஆதலின், இளையோர் ஊக்கத்தோடு கற்பாராக. நடுவயதினர் தாம் கற்றதைத் தம்மேல் வைத்து ஆராய்வாராக. முதியோர் இளையோரிடமும் கற்கக் கூசாதிருப்பாராக. கோயிலுக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு பிடி புல்லையேனும் அகற்றிச் செல்வாராயின், அதுவும் ஒரு பாடமே.

திருச்சிற்றம்பலம்.